ட்ரைஸ்டேல் ஆற்றுப் பக்கம்: நாட்குறிப்பு

ஜூலை 7, 2024, ஞாயிறு. குனனூரா, மேற்கு ஆஸ்திரேலியா

தராசில் முதலில் அத்தான் ஏறினார், 93 கிலோ, நான் 71. படுக்கைச் சுருள், அடுப்பு, கயிறு, அரிசி, பருப்பு என்று ஒவ்வொன்றாக நிறுத்துத் தாளில் கூட்டிய விமானி, ராபின்சன் ஆர்-44 நான்கு இருக்கை ஹெலிகாப்டர்தான் என்றாலும், எரிபொருளையும் சாமானையும் சேர்த்தால் மூன்று பேரே அதற்குப் பாரம் என்று சொல்லி, ஆறு கிலோவைக் கழிக்கச் சொன்னார். மடக்கு நாற்காலி இரண்டும் போயின. மூன்று கிலோ அரிசியும் போயிற்று. அத்தானின் இரத்த அழுத்த மாத்திரைகளை அக்கா எட்டே எட்டாக எண்ணிக் கொடுத்திருக்கிறாள். அவற்றின் எடை எதையும் கெடுத்திருக்காது.

ஜூலை 8, திங்கள்

வெயில் ஏறினால் காற்று லேசாகி இறக்கைக்குப் பிடிப்புக் குறையும் என்பதால் விடிந்த கையோடு கிளம்பினோம். புறப்படுமுன் விமானி தொட்டியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குழாயில் இறக்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்தார். சொட்டு நீலம் போட்டதுபோல் இளநீலமாக இருந்தது. கதவுகளைக் கழற்றிவிட்டுப் பறந்தோம். காக்பர்ன் மலைத்தொடரின் சிவந்த விளிம்பைத் தாண்டியதும், கேம்பிரிட்ஜ் வளைகுடாவின் சேற்றுப் பரப்பில் கடல்நீர் வடிந்த ஓடைகள் கிளை கிளையாகப் பிரிந்து கிடந்தன. அதன்பிறகு மணற்பாறையும் பிளவும் மட்டுமே. ஒரு வேலி இல்லை, ஒரு தகரக் கூரை இல்லை. கிம்பர்லி என்கிற இந்த வட்டாரம் ஏறக்குறைய மூன்று தமிழ்நாடு அளவு என்று படித்திருந்தேன். படித்தது வேறு, ஒரு மணி நேரம் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தது வேறு.

ஆற்றின் மேலே இரண்டு முறை சுற்றிவிட்டு, வெறும் பாறைத் திட்டாகத் தேடித்தான் இறக்கினார். ஸ்பினிஃபெக்ஸ் புல்லில் பிசின் உண்டு. சூடான புகைக்குழாய் பட்டால் பற்றிக்கொள்ளும். பூர்வகுடிகள் ஈட்டி முனையை ஒட்டவைத்தது அந்தப் பிசினால்தான். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஒலி அடங்கப் பல நிமிடங்கள் ஆயின, அல்லது அது அடங்கிய பிறகும் நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். மாலை ஐந்தேகாலுக்கே சூரியன் மறைந்து, மூன்றாம் பிறை தெரிந்தது.

ஜூலை 9, செவ்வாய்

இரவெல்லாம் குளிர், விடிந்ததும் ஈ.

ஜூலை 10, புதன்

மேலிருந்து பார்த்தபோது நகக்கீறல்போல் தெரிந்த ஒரு பிளவைக் கடந்து அக்கரை போய்வரக் காலை முழுவதும் ஆகிவிட்டது. இந்த நிலத்தைப் பார்த்துவிட்டோம் என்று திங்கட்கிழமை நினைத்தது எவ்வளவு பெரிய மயக்கம் என்று இப்போது புரிகிறது. ஹெலிகாப்டரிலிருந்து தெரிந்தது நிலத்தின் படம், முழங்காலில் உரசுவதே நிலம். அத்தானின் கெண்டைக்காலில் புல்முனைகள் ஊசி ஊசியாக ஏறியிருந்தன, சாமணத்தால் பதினேழு எடுத்தேன். இரவு உச்சியில் விருச்சிகம் முழு உருவமாக நின்றது. அரிசியை இனி அளந்து போடவேண்டும்.

ஜூலை 11, வியாழன்

மதிய வெயிலுக்கு ஒதுங்கிய பாறைக் குடைவில் செம்மண் நிறத்தில் ஓவியங்கள் இருந்தன. அனுமதிக் கடிதத்தில் சொன்னபடி தொடவில்லை, படம் எடுக்கவில்லை. இடத்தையும் இங்கே குறிக்கப்போவதில்லை. இது பலங்காரா என்னும் பூர்வகுடி மக்களின் நிலம். இதே ஆற்றின் வடிநிலத்தில் ஒரு கங்காரு ஓவியத்துக்கு வயது சுமார் 17,300 ஆண்டு என்று 2021-இல் கணித்தார்கள். ஓவியத்தின் அடியிலும் மேலும் கட்டப்பட்டிருந்த குளவிக்கூடுகளின் மண்ணில் சிக்கிய கரித்துகள்களே அதற்குச் சான்று. இங்கேயும் ஓர் ஓரத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு மண்கூடு இருந்தது. குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று அப்பாயி சொன்னதை அத்தான் நினைவுபடுத்திவிட்டு, இந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் பிறந்தார்களோ என்றார்.

ஜூலை 12, வெள்ளி

எட்டரைக்கே எல்லாவற்றையும் சுருட்டிக் கட்டிவிட்டு, ஹெலிகாப்டரின் சுழற்காற்றில் பறக்கக்கூடிய துணி, தட்டு, பை எதையும் பாறைமேல் விடாமல் உட்கார்ந்திருந்தோம். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. ஈயின் ரீங்காரம்கூடத் தொலைவில் வரும் ஹெலிகாப்டராகவே கேட்கிறது. ஒன்றரை மணிக்குச் செயற்கைக்கோள் கருவியில் செய்தி வந்தது: உதிரிபாகம் ஒன்று டார்வினிலிருந்து வரவேண்டும், நாளைக்கு வந்துவிடுவோம்.

அக்காவிடமிருந்தும் ஒரு செய்தி: அவர் மாத்திரை போட்டாரா?

ஜூலை 13, சனி

நாளைக்கு என்றது நாளை மறுநாள் ஆகிவிட்டது. அவசரச் சமிக்ஞைக் கருவியை அழுத்தலாமா என்று காலையிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறோம். தண்ணீர் இருக்கிறது, காய்ச்சிக் குடிக்கிறோம். எலும்பு முறியவில்லை, பாம்பு கடிக்கவில்லை. உயிர் போகும் நிலையில் அழுத்துவதற்கான பொத்தானை, உதிரிபாகம் தாமதம் என்பதற்காக அழுத்துவது முறையல்ல என்கிறார் அத்தான். ஆனால் மாத்திரை நின்றால் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார். தலைவலி இல்லை என்று கேட்காமலே இரண்டு முறை சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. நடந்து போய்விடலாம் என்று நான் உளறியதற்கு, அந்த ஒரு பிளவை மறந்துவிட்டாயா மாப்பிள்ளை என்று மட்டும் கேட்டார். நாங்கள் இருக்கும் ட்ரைஸ்டேல் ஆற்றுத் தேசியப் பூங்கா 4,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். உள்ளே பொதுச் சாலை கிடையாது. விட்டுவந்த மூன்று கிலோ அரிசி அந்தக் கொட்டகையில் எந்த மூலையில் கிடக்கிறதோ.

ஜூலை 14, ஞாயிறு

கடைசி மாத்திரையை அத்தான் கத்தியால் இரண்டாக்கி, பாதியைக் காகிதத்தில் மடித்துவைத்தார். அக்காவுக்கு, போட்டுவிட்டார் என்று அனுப்பினேன்.

ஜூலை 15, திங்கள்

மணி ஐந்தே முக்கால். காற்று இல்லை. அத்தான் இன்னும் தூங்குகிறார், மூச்சு சீராகத்தான் இருக்கிறது. அரைக் குவளை அரிசியை ஊறப்போட்டிருக்கிறேன்.