மேற்பரப்பு வினையை அளக்கும் முன்: திட ஆக்சைடு மின்கலத்தின் காற்றுப்பக்கம்

திட ஆக்சைடு மின்கலம் என்பது ஆக்சிஜன் அயனிகளைக் கடத்தும் திடப்பொருளை நடுவில் வைத்து, சூட்டில் இயங்கும் கலம். அதன் காற்றுப்பக்க மின்முனையில் நடக்கும் வினையை ஒரே வரியில் எழுதிவிடலாம். ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு மேற்பரப்பில் ஒட்டி, நான்கு எலெக்ட்ரான்களை வாங்கி, இரண்டாகப் பிரிந்து, படிகத்தில் காலியாக இருக்கும் இரண்டு ஆக்சிஜன் இடங்களில் அமர்கிறது. மின்னாற்பகுப்புக்கு இயக்கினால் இதுவே எதிர்த்திசையில் ஓடும். இதில் எந்தப் படி மெதுவானது என்பதுதான் கேள்வி. நுண்துளை மின்முனையை வைத்துக்கொண்டு இதற்கு விடை தேடுவது வீண் என்றே நினைக்கிறேன். துளைகளில் வாயு நகர்வது, துகளுக்குள் அயனி நகர்வது, மேற்பரப்பு வினை என மூன்றும் ஒன்றோடொன்று கலந்தே வரும்.

துளையே இல்லாத மென்படலம் இந்தச் சிக்கலை அவிழ்க்கிறது. மின்பகுளியாக (அயனியைக் கடத்தும் திடப்பொருளாக) 9.5 மோல் சதவீத இட்ரியா கலந்த சிர்க்கோனியா ஒற்றைப் படிகத்தை எடுத்து, அதன் மேல் மின்முனைப் பொருளான லாந்தனம் ஸ்ட்ரான்ஷியம் கோபால்டைட்டை (லாந்தனம் 0.6, ஸ்ட்ரான்ஷியம் 0.4) 100 நானோமீட்டர் தடிமனுக்குப் படிய வைக்க வேண்டும். பொருளை ஆவியாக்கிப் படிய வைக்க 248 நானோமீட்டர் லேசர், சுமார் 600 டிகிரி செல்சியஸில் அடித்தளம், 0.04 முதல் 0.4 மில்லிபார் ஆக்சிஜன் என்பது வழக்கமான அமைப்பு. வெப்பநிலை ஏறும்போது ஸ்ட்ரான்ஷியமும் சிர்க்கோனியமும் சேர்ந்து மின்கடத்தா அடுக்கு ஒன்றை உண்டாக்கும். அதனால் இடையில் கடோலினியம் கலந்த சீரியாவை மெல்லிதாகப் படிய வைப்பது நல்லது.

அளக்கும் மின்தடை மேற்பரப்புடையதுதானா என்பதற்கு ஒரு சோதனை உண்டு. இதைச் செய்யாத அளவீட்டை நான் நம்புவதில்லை. 100, 200 நானோமீட்டரில் இரண்டு படலங்களை எடுத்து, 10 மில்லிவோல்ட் அலைவீச்சில், 1 மெகாஹெர்ட்ஸ் முதல் 10 மில்லிஹெர்ட்ஸ் வரை இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்குக் காட்டும் தடை) அளக்க வேண்டும். வரைபடத்தில் அது அரைவட்டங்களாக வரும். தாழ் அதிர்வெண் அரைவட்டத்தின் மின்தடை இரண்டிலும் ஒன்றாக இருந்து, மின்தேக்குத்திறன் மட்டும் இரண்டு மடங்கானால், அது மேற்பரப்பு வினைதான். தடிமனோடு மின்தடையும் கூடினால் படலத்துக்குள் அயனி நகர்வதும் கலந்திருக்கிறது. இந்த மின்தேக்கம் படலம் ஆக்சிஜனை உள்ளே வாங்கி வெளியே விடுவதால் வருவது. கோபால்டைட்டில் கன சென்டிமீட்டருக்கு 1000 ஃபாரட் அளவுக்குப் போகும். 100 நானோமீட்டருக்கு அது சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிஃபாரட். மின்தடை 1 ஓம் சதுர சென்டிமீட்டர் என்றால் அரைவட்டத்தின் உச்சி சுமார் 16 ஹெர்ட்ஸில் வரும். ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் வந்தால் வேறு ஏதோ ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்த 1 ஓம் சதுர சென்டிமீட்டரைப் பரிமாற்றக் குணகமாக (மேற்பரப்பு வழியே ஆக்சிஜன் பரிமாறும் வேகமாக) மாற்றினால், 600 டிகிரியில் நொடிக்குச் சுமார் 0.0000023 சென்டிமீட்டர்.

வெப்பநிலையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அடியிலிருந்து மட்டும் சூடாக்கும் மேடையில், அளவி ஊசி தொட்டிருக்கும் நுண்மின்முனை (படலத்திலிருந்து வெட்டிய சிறு வட்டம்) மேடையைவிடக் குளிர்ந்தே இருக்கும். கிளர்வு ஆற்றல் (வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) 1.3 எலெக்ட்ரான் வோல்ட் என்று கொண்டால், 20 டிகிரி குறைந்தாலே மின்தடை ஒன்றரை மடங்காகிவிடும். தெர்மோகப்பிள் காட்டும் எண்ணை அப்படியே எழுதிக்கொள்ளக் கூடாது. வட்ட மின்முனைக்குக் கீழே மின்பகுளியின் மின்தடை, 1-ஐ விட்டம், கடத்துத்திறன், 2 ஆகியவற்றின் பெருக்கற்பலனால் வகுத்தால் வருவது. இம்பீடன்ஸ் வரைபடம் உயர் அதிர்வெண்ணில் அச்சை வெட்டும் இடத்தில் இதை அளந்து, கடத்துத்திறனைக் கணக்கிட்டு, அதிலிருந்து உண்மையான வெப்பநிலையைப் பிடிக்கலாம். 200 மைக்ரோமீட்டர் விட்டத்துக்கு 600 டிகிரியில் இது சில ஆயிரம் ஓம் இருக்கும்.

இனி மாசு. படலம் உலையில் ஏறிய முதல் சில மணி நேரத்திலேயே மின்தடை கூடத் தொடங்கும். நேற்று அளந்த மேற்பரப்பு இன்று அதே மேற்பரப்பு அல்ல. ஸ்ட்ரான்ஷியம் மேலே ஏறிவந்து ஆக்சைடாகவும் கார்பனேட்டாகவும் படிகிறது. வாயுவில் துளி கந்தகம் இருந்தாலும் சல்ஃபேட்டாக மாறும். துருப்பிடிக்கா எஃகுக் குழாய் சூடான பகுதியில் இருந்தால் குரோமியம் ஆவியாகி ஸ்ட்ரான்ஷியம் குரோமேட் உண்டாகும். ஈரமான வாயுவில் இது இன்னும் வேகம் பிடிக்கும். குவார்ட்ஸ் குழாய், கண்ணாடிச் சீல், சிலிகோன் குழாய், சிலிகோன் கிரீஸ் என எல்லாவற்றிலிருந்தும் சிலிக்கா வரும். பிளாட்டினப் பேஸ்ட்டிலும் கண்ணாடித்தூள் கலந்திருக்கக்கூடும். அதைப் படலத்துக்கு எதிர்ப்பக்கத்து மின்முனையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஆய்வுப் படலத்தில் தடவாதீர்கள். அலுமினா குழாயும், வாயு நுழையும் இடத்தில் வடிப்பானும் இருந்தால் நிறையத் தொல்லை குறையும்.

வெப்பநிலையைப் படிப்படியாக ஏற்றி இறக்கிக் கிளர்வு ஆற்றல் எடுக்கும் பழக்கம் இதனால்தான் ஏமாற்றுகிறது. ஏறும்போது எடுத்த புள்ளியும் இறங்கும்போது எடுத்த புள்ளியும் ஒன்றின்மேல் ஒன்று விழவில்லையா? அந்தச் சரிவில் பாதி பழுது, பாதி வினை. ஒரே வெப்பநிலையில் முதல் நிமிடத்திலிருந்து தொடர்ந்து அளந்து, பூஜ்ஜிய நேரத்துக்கு நீட்டிப் பார்ப்பது மேல். அளவீடு முடிந்ததும் எக்ஸ்-கதிர் ஒளியெலெக்ட்ரான் நிறமாலையில் ஸ்ட்ரான்ஷியத்தின் 3டி உச்சியைப் பார்த்தால், படிகத்துக்குள் இருப்பதும் மேலே படிந்ததும் தனித்தனியே தெரியும். ஆனால் அது குளிர்ந்த மேற்பரப்பு. சூட்டில் இருந்தது அப்படியே இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

சுத்தமான எண்கள் கைக்கு வந்த பிறகு வினைவரிசை, அதாவது வினை வேகம் அழுத்தத்தின் எத்தனையாவது அடுக்கில் போகிறது என்பது. ஆக்சிஜன் பகுதி அழுத்தத்தை மட்டும் மாற்றினால் படலத்திலுள்ள காலியிடங்களின் எண்ணிக்கையும் கூடவே மாறிவிடும். கிடைக்கும் அடுக்கு இரண்டின் கலவை. அதைப் பிரிக்க மின்னழுத்தம் உதவுகிறது. 600 டிகிரியில் அழுத்தம் பத்து மடங்கு மாறுவதும் மிகை மின்னழுத்தம் (சமநிலைக்கு மேல் நாம் கொடுக்கும் மின்னழுத்தம்) 43 மில்லிவோல்ட் மாறுவதும் படலத்துக்கு ஒன்றுதான். 0.2 பாரில் −200 மில்லிவோல்ட்டில் மின்னோட்டத்தை அளந்தால், 0.02 பாரில் −157 மில்லிவோல்ட்டில் அளக்க வேண்டும். காலியிடங்கள் அப்படியே இருக்க, வாயு மட்டும் மாறும். இப்போது மின்னோட்டம் அழுத்தத்தின் முதல் அடுக்கில் போனால் மெதுவான படியில் முழு மூலக்கூறு இருக்கிறது. அரை அடுக்கில் போனால் பிரிதல் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. மின்பகுளியில் இழக்கும் மின்னழுத்தத்தைக் கழித்த பிறகே இந்த எண்களை எடுக்க வேண்டும். 0.02 பாருக்குக் கீழே போகும்போது வாயு ஓட்டத்தை இரண்டு மடங்காக்கிப் பாருங்கள். மின்னோட்டம் நகர்ந்தால் அங்கே அளப்பது வாயு விரவலைத்தான்.