வெயிலில் நிற்கும் காருக்கு: பாலிஷ், கிளேஸ், வாக்ஸ்

சென்னையில் கூரையில்லாத இடத்தில் நிறுத்தப்படும் காரில் முதலில் மங்குவது போனட்டும் மேற்கூரையும்தான். பக்கவாட்டுக் கதவுகள் பளபளப்பாகவே இருக்க, மேலே மட்டும் சுண்ணாம்பு பூத்ததுபோல் வெளிறிப்போன கார்களை நம் தெருக்களில் நிறையப் பார்க்கலாம். அந்த நிலை வருவதற்கு முன்பே உரிமையாளர்கள் பலர் காரை ஏதாவது ஒரு வாட்டர் வாஷ் கடைக்கு எடுத்துச் சென்று, "ரப்பிங் பாலிஷ் போட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். கார் மின்னுகிறது, சில மாதங்களில் மீண்டும் மங்குகிறது, மீண்டும் ரப்பிங். இந்தச் சுழற்சி காரின் பூச்சைக் காப்பதில்லை, கரைக்கிறது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

இன்றைய கார்களின் தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, பிரைமர், வண்ணப்பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலாக நிறமற்ற கிளியர்கோட் என்று அடுக்கடுக்காகப் பூச்சுகள் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்தே ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும். அதில் கிளியர்கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரானைத் தாண்டாது. அதாவது, தலைமுடி ஒன்றின் தடிமன்கூட இல்லாத ஒரு படலம்தான் அடியில் உள்ள நிறத்தை வெயிலிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. புற ஊதாக் கதிர்களை உறிஞ்சும் வேதிப்பொருள்களும் அந்தப் படலத்துக்குள்ளேதான் உள்ளன. அதைத் தேய்த்துத் தேய்த்து மெலியவிட்டால் ஒரு கட்டத்தில் தோல் உரிவதுபோல உரிந்துவிடும். பிறகு மறுபடி பெயின்ட் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பாலிஷ் என்பது அடிப்படையில் தேய்க்கும் பொருள். அலுமினியம் ஆக்சைடு போன்ற மிக நுண்ணிய துகள்கள் அதில் இருக்கும். அவை கிளியர்கோட்டின் மேற்பரப்பைச் சிறிதளவு சீவியெடுத்து, கீறலைச் சுற்றியுள்ள பரப்பைக் கீறலின் அடிமட்டத்துக்குக் கொண்டுவருகின்றன. கீறல் மறைவது அதனால்தான். காம்பவுண்டு என்பது இதே வேலையை இன்னும் முரட்டுத்தனமாகச் செய்வது. வாக்ஸ் எதையும் எடுப்பதில்லை. மேலே ஒரு காப்புப் படலமாகப் படிந்து, வெயில், மழைநீர், பறவை எச்சம் ஆகியவற்றின் தாக்குதலை முதலில் தான் வாங்கிக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது கிளேஸ். அதிலுள்ள எண்ணெய்களும் நிரப்பிகளும் நுண்கீறல்களுக்குள் போய் அமர்ந்து, ஒளி சிதறாமல் பார்த்துக்கொள்கின்றன. நிறம் ஆழமாகத் தெரியும், கீறல் கண்ணுக்குப் படாது, ஆனால் சில முறை ஷாம்பு போட்டுக் கழுவினால் எல்லாம் பழையபடி வெளியே வந்துவிடும்.

கிளேஸைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. கிளியர்கோட் ஏற்கெனவே மெலிந்துவிட்ட பழைய கறுப்புக் காரில், மேலும் தேய்ப்பதைவிடக் கிளேஸ் போட்டு மேலே கார்னோபா எனும் தாவர மெழுகாலான வாக்ஸ் பூசுவதே பொறுப்பான வேலை. வெள்ளை, வெள்ளி நிறக் கார்களில் நுண்கீறல் அவ்வளவாகத் தெரியாது என்பதால் கிளேஸுக்குச் செலவழிப்பது வீண் என்பது என் கருத்து. இன்னொன்று: பழைய கார் வாங்கப் போகிறவர்கள், கண்ணாடிபோல் மின்னும் அடர்நிற வண்டியைக் கண்டால், கிளேஸ் கீறல்களை மறைத்திருக்கக்கூடும் என்பதால், ஒருமுறை நன்றாகக் கழுவச் சொல்லி வெயிலில் நிறுத்திப் பார்ப்பது நல்லது.

எதைப் பூசுவதாக இருந்தாலும் அதற்கு முன் கழுவுவதில்தான் பாதி வேலை இருக்கிறது. நம் போர்வெல் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். துளிகள் வெயிலில் காய்ந்தால் வெள்ளை வளையங்களாகப் படிந்து, நாளடைவில் கிளியர்கோட்டையே அரித்துவிடும். ஆகவே நிழலில் கழுவி, தண்ணீர் தானாகக் காயும் முன் துடைத்துவிட வேண்டும். கழுவிய பிறகு ஒரு மெல்லிய பாலித்தீன் உறைக்குள் கையை நுழைத்து போனட்டின் மேல் மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்குப் பிடிபடாத சொரசொரப்பு அப்போது தெளிவாகத் தெரியும். பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் துகள், தார், மரப்பிசின் எல்லாம் ஷாம்புக்குப் போகாமல் ஒட்டிக்கொண்டிருப்பதன் அடையாளம் அது. கிளே பார் எனப்படும் களிமண் போன்ற கட்டியை, வழுக்கும்படி ஷாம்பு நீர் தெளித்து, அழுத்தாமல் ஓட்டினால் அவை கட்டியில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கட்டி கைதவறித் தரையில் விழுந்தால் எடுத்து எறிந்துவிட வேண்டும். அதில் ஒட்டிய ஒரு மணல்துகள் போதும், போனட் முழுவதும் கோடு விழ.

பாலிஷ் தேவையா என்பதை அதற்குப் பிறகே முடிவு செய்ய வேண்டும். நகத்தைக் குறுக்கே ஓட்டினால் தட்டுப்படும் கீறல் பாலிஷில் போகாது; அதை விட்டுவிடுங்கள். சிலந்தி வலைபோல் தெரியும் நுண்கீறல்களுக்கு, இருப்பதிலேயே மென்மையான பாலிஷையும் மென்மையான ஃபோம் பேடையும் கொண்டு, மாஸ்கிங் டேப்பால் வரையறுத்த ஒரு சாண் இடத்தில் மட்டும் முதலில் முயன்று பார்க்க வேண்டும். அங்கே போதுமான பலன் கிடைத்தால் அதற்கு மேல் கடுமையான எதுவும் தேவையில்லை. இயந்திரம் வைத்திருப்பவர்கள், புதியவர்களாக இருந்தால், ஒரே இடத்தில் வேகமாகச் சுழலும் ரோட்டரி வேண்டாம். சுழன்றபடியே அசையும் டூயல் ஆக்‌ஷன் வகையே பாதுகாப்பானது. கதவு விளிம்புகளிலும் போனட்டின் மடிப்புக் கோடுகளிலும் பூச்சு மெல்லியதாக இருக்கும் என்பதால் அங்கெல்லாம் பேடு படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முடித்ததும் நீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் பாருங்கள். பாலிஷில் இருந்த எண்ணெய் நீங்கிய பிறகு தெரிவதுதான் உண்மையான விளைவு.

வாக்ஸைத் தேர்ந்தெடுப்பதில் நம் வெயிலைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். கார்னோபா, வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு பனையின் இலைகளிலிருந்து எடுக்கப்படும் மெழுகு. தூய நிலையில் அது 82 முதல் 86 டிகிரி செல்சியஸில்தான் உருகும். கல்போல் கடினமாக இருப்பதால் கரைப்பான்களும் எண்ணெய்களும் வேறு மெழுகுகளும் கலந்துதான் டப்பாவில் வருகிறது. கலவையில் அந்த வெப்பம் தாங்கும் குணம் குறைந்துவிடுகிறது. நாள் முழுதும் வெயிலில் நிற்கும் வண்டியில் அதன் அழகு சில வாரங்களே நிற்பது இதனால்தான். சிலண்ட் எனப்படும் செயற்கைப் பாலிமர் படலம் இதைவிட நெடுநாள் உழைக்கிறது. ஆகவே நிழலில் நிற்கும் அடர்நிறக் காருக்குக் கார்னோபாவையும், வெட்டவெளியில் நிற்பதற்கும் கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றில் நிற்பதற்கும் சிலண்டையும் பரிந்துரைப்பேன். ஆனால் பல சிலண்டுகள் எண்ணெய்ப்பசை உள்ள பரப்பில் சரியாக ஒட்டாது என்பதால், கிளேஸ் போட்ட பரப்பின் மேல் அவற்றைப் பூசுவது பயன் தராது.

பூசும்போது எல்லோரும் தாராளமாகப் பூசிவிடுகிறார்கள். ஒரு கதவுக்கு ஒரு ரூபாய் நாணயம் அளவு வாக்ஸ் போதும். ஈரப்படுத்திப் பிழிந்த ஃபோம் பேடால், பூசியதே தெரியாத அளவுக்கு மெல்லியதாக இழுக்க வேண்டும். பிறகு விரல் நுனியால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள்: கோடு இழுகிப் பிசுபிசுத்தால் இன்னும் காயவில்லை, சுத்தமான கோடாக விழுந்து, சுற்றியுள்ளது பொடியாக இருந்தால் துடைத்தெடுக்கலாம். தகடு தொட்டால் சுடும் நிலையில் இருக்கும்போது பூசினால் வாக்ஸ் உடனே இறுகி, எவ்வளவு துடைத்தாலும் திட்டுத்திட்டாக நிற்கும். காலை ஏழு மணிக்கு முன்பாகத் தொடங்கிவிடுவது உத்தமம். கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களில் பட்டால் வெண்கறை போகாது. முன்கூட்டியே டேப் ஒட்டிவிடுங்கள். புதிதாக பெயின்ட் அடித்த பாகத்துக்கு, பூச்சு முழுமையாக ஆறும் வரை, அதாவது ஒன்றிரண்டு மாதங்கள் வரை, வாக்ஸ் வேண்டாம். மேட் எனப்படும் பளபளப்பில்லாத பூச்சுக் கார்களுக்குப் பாலிஷ் எப்போதுமே கூடாது.

நுண்கீறல்களில் பெரும்பகுதி சாலையில் விழுவதில்லை, தினமும் காலையில் வாகன நிறுத்தத்திலேயே விழுகிறது. நேற்றைய தூசி அப்படியே இருக்க, ஒரே வாளித் தண்ணீரில் நனைத்த துணியால் அடுத்தடுத்துப் பல கார்களைத் துடைக்கும்போது அந்தத் தூசியே உப்புத்தாளாகிவிடுகிறது. துடைப்பவரைக் கடிந்துகொள்வதில் நியாயமில்லை. நம் காருக்கென்று இரண்டு வாளிகளையும் (ஒன்று ஷாம்புக்கு, மற்றொன்று துணியை அலச) நாலைந்து மைக்ரோஃபைபர் துணிகளையும் வாங்கிக் கொடுத்து, வெறும் தூசியாக இருந்தால் துடைக்காமல் விட்டுவிடும்படி சொல்லலாம். அதைச் செய்தால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில் ஒருமுறையும் கோடை ஏறும் முன் மார்ச்சில் ஒருமுறையும் சிலண்ட் பூசுவதே போதும். பாலிஷைப் பல ஆண்டுகளுக்குத் தொட வேண்டியிருக்காது. அந்த மைக்ரோஃபைபர் துணிகளை வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள், கம்ஃபர்ட் போன்ற துணி மென்மையூட்டிகளை அவற்றில் விட வேண்டாம். இழைகளின் மேல் அது படிந்துவிட்டால் துணி தண்ணீரையும் உறிஞ்சாது, வாக்ஸையும் எடுக்காது.