தள்ளாட்டம் என்றே சொல்லியிருக்கலாம்

வேலூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்த புதிது. குடியாத்தத்து லுங்கி நெசவாளர் ஒருவர், 60 வயதைத் தாண்டியவர், ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தபோது கால் பின்னித் தள்ளாடினார். பிடித்து உட்கார வைத்துவிட்டு, நோட்டில் 'அன்ஸ்டேபிள்' என்று எழுதினேன். டியூட்டி டாக்டருக்கும் போனில் அதையே சொன்னேன். அவர் ஓடி வந்தார். பி.பி. 130/80. நாடியும் மூச்சும் சீராக இருந்தன. "சிஸ்டர், இவர் அன்ஸ்டெடி. அன்ஸ்டேபிள் இல்லை" என்றார்.

அதற்குள் மகனிடம், "அப்பாவுக்கு நிலைமை சரியில்லை, தம்பி" என்று சொல்லிவிட்டிருந்தேன். "நைனாவுக்கு சீரியஸ்" என்று அவர் ஊருக்குப் போன் போட, குடும்பமே வண்டி பிடித்துக் கிளம்பிவிட்டது.

அன்ஸ்டெடி என்பது நடை, நிற்பது, கை நடுக்கம் பற்றியது. கட்டில் கம்பியை ஏற்றிவிட்டு, வாக்கர் கொடுத்து, துணைக்கு ஆள் வைப்போம். காரணத்தையும் தேடுவோம். வார்டில் ஒரு நோயாளியை அன்ஸ்டேபிள் என்றால், ரத்த அழுத்தமோ துடிப்போ மூச்சோ கட்டுக்குள் இல்லை, எந்த நேரமும் மோசமாகலாம் என்று அர்த்தம். பி.பி. ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தால் அதற்கு லேபைல் என்று தனி வார்த்தை. வழுக்குவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பக்கவாதம் வந்த சிலர் காரணமே இல்லாமல் சட்டென்று அழுவார்கள், அதற்கும் இதே சொல்தான்.

ஆனால் அன்ஸ்டேபிள் எல்லாமே உயிராபத்தும் இல்லை. முழங்கால் அன்ஸ்டேபிள் என்றால் ஜவ்வு தளர்ந்து மூட்டு நழுவுகிறது, அவ்வளவுதான். நெஞ்சுவலியில் கதை வேறு. ரத்தினகிரி மலைக்கோயில் படி ஏறும்போது நெஞ்சைப் பிடித்து, உட்கார்ந்ததும் விட்டால் அது ஸ்டேபிள் ஆஞ்சைனா, இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் வலி. சும்மா இருக்கும்போதே வந்தாலும், முன்னைவிட அடிக்கடி வந்தாலும் அன்ஸ்டேபிள். அதற்கு ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. அதனால் இந்த வார்த்தையை நான் இப்போது தனியாக எழுதுவதில்லை. எது நிலையில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். புதிதாக வரும் பிள்ளைகளிடமும் அதைத்தான் கெஞ்சிக் கேட்கிறேன்.

அன்று விடியற்காலையில் வந்த நெசவாளரின் மனைவி, வராந்தாவில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அவருக்குத் தள்ளாட்டம் ஒரு மாசமா இருக்கு சிஸ்டர். அதுன்னு சொல்லியிருந்தா, நாங்க விடிஞ்சே வந்திருப்போமே."