பழி ஓரிடம்

“ஹார்ட் டிஸ்க் போச்சு சார்” என்று யார் வந்து சொன்னாலும் என் கண் முதலில் கேபிளுக்குத்தான் போகும். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் ரிப்போர்ட்டில் 199 என்று ஒரு வரி இருக்கும். டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவழியில் டேட்டா எத்தனை தடவை சிதைந்தது என்ற கணக்கு அது. டிஸ்க்குக்குள்ளேயே கெட்ட, சந்தேகமான இடங்களை எண்ணும் 5, 197 என்ற வரிகள் இரண்டும் பூஜ்ஜியத்தில் இருக்க, 199 மட்டும் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம். மாற்றியதும் ஏற்றம் நின்றுவிடும். ஆனால் பழைய எண் அழியாது. அதைப் பார்த்துப் பயந்து நல்ல டிஸ்க்கைக் கழற்றிப் போட்டவர்கள் உண்டு.

டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் இந்த சாட்டா கேபிளை யாரும் மதிப்பதில்லை. நீளம் ஒரு மீட்டரைத் தாண்டக் கூடாது. பெட்டிக்குள் செருகும் கனெக்டர் சுமார் 50 முறை செருகி எடுப்பதற்குத்தான் வடிவமைக்கப்பட்டது; டெஸ்ட் பெஞ்சில் கிடக்கும் கேபிள் அதை எப்போதோ தாண்டியிருக்கும். கேபிளை மடக்கி, ஜிப் டை போட்டு இறுக்குவதை நேர்த்தி என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

புதிதாக வரும் பையன்களிடம் நான் சொல்வது கொஞ்சம்தான். பவரை நிறுத்தினாலும் உள்ளே தட்டு உடனே நிற்காது, அரை நிமிஷம் பொறு. ஓரத்தைப் பிடி, அடியிலுள்ள போர்டைத் தொடாதே. ரிஸ்ட் ஸ்ட்ராப் கட்டிக்கொள். ஏசி அறையில் உடம்பில் சேரும் நிலைமின்சாரம், நமக்கு உறைக்காத அளவிலேயே சிப்பைக் கெடுத்துவிடும்.

இதையெல்லாம் விட எனக்குப் பயம் பவர் கேபிள்தான். எஸ்எம்பிஎஸ் என்பது கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி. கேபிளைத் தனியே கழற்றி மாட்டும் மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸில் டிஸ்க் பக்கத்து முனை எல்லா கம்பெனிக்கும் ஒன்று. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்குப் பொது விதி கிடையாது. துளை பொருந்தும், கம்பி வரிசை மாறியிருக்கும். ஒரு அலுவலகத்தில் எஸ்எம்பிஎஸ் எரிந்துபோக, வந்த ஆள் புதியதை மாட்டிவிட்டுப் பழைய கேபிளையே விட்டுவிட்டார். 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் பாய்ந்தது. ரெய்டு முறையில் ஒன்றுக்கொன்று நகலாக இருந்த இரண்டு டிஸ்க்கும் ஒரே கேபிளில் தொங்கியதால் சேர்ந்தே அடங்கின. “ரெய்டு போட்டிருக்கோமே தம்பி, அப்புறம் எப்படி?” என்று கணக்கு பார்க்கும் அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார்.

ஒன்றில் போர்டிலிருந்த பாதுகாப்பு டையோடு மட்டும் ஷார்ட் ஆகியிருந்தது. அதை எடுத்ததும் டிஸ்க் சுழன்றது. உடனே எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்தோம். மற்றதில் சிப்பே கருகிவிட்டது. அதைப் பிழைக்க வைக்க அதே மாடல் போர்டைத் தேடிப் பிடித்து, அந்த டிஸ்க்குக்கே உரிய விவரங்கள் பதிந்த பழைய போர்டின் ரோம் சிப்பையும் அதற்கு மாற்ற வேண்டியிருந்திருக்கும். நல்லவேளை, அந்தச் செலவு வரவில்லை.