எண்ணிக்கை தப்பும்போது

வங்கியில் 33 ஆண்டுகள் கேஷியராக இருந்தவன் நான். ஈரப் பஞ்சில் விரலை ஒற்றி நூறு தாள் கட்டை எண்ணிக்கொண்டே, எதிரில் நிற்பவரிடம் அவர் மகளின் கல்யாண ஏற்பாட்டை விசாரிப்பேன். எண்ணிக்கை தப்பியதில்லை.

இப்போது வயது 69. சென்ற வாரம் மின்கட்டணம் கட்டும்போது கைப்பேசியில் ஆறு இலக்க ஓடிபி வந்தது. படித்துவிட்டுக் கணினிப் பக்கம் திரும்புவதற்குள், "தோசை ஆறுகிறது, வாருங்கள்" என்று அடுக்களையிலிருந்து மனைவி அழைத்தாள். "வருகிறேன்" என்றேன். முதல் மூன்று எண்கள்தான் மிஞ்சின.

பயந்துவிட்டேன். கடைசி நான்கு ஆண்டுகள் என்னைத் தன் தம்பி என்றே நினைத்துக்கொண்டிருந்தவள் என் அம்மா.

மருத்துவர் பி12, தைராய்டு பரிசோதனைகளோடு காதையும் பார்க்கச் சொன்னார். ரத்தத்தில் குறையில்லை, வலது காது மந்தம். பேச்சைப் புரிந்துகொள்வதற்கே மூளை பாடுபட்டால், அதை மனதில் இருத்தத் தெம்பு குறையும் என்றார். "ஓடிபியை மறப்பது வேறு, ஓடிபி எதற்கு என்பதையே மறப்பது வேறு" என்றும் சொன்னார். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

பிறகு தேடிப் படித்தேன். லின் ஹேஷர், ரோஸ் சாக்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1988இல் முன்வைத்த கருத்து என்னை நிறுத்திவிட்டது. வயது ஏற ஏற, வேண்டாததை உள்ளே விடாமல் தடுக்கும் திறன் தளர்கிறது என்கிறார்கள். தோசை, தெருவில் போகும் வண்டியின் ஒலி, நாளைய வேலை எல்லாம் ஒன்றாக நுழைந்தால் ஓடிபிக்கு இடமேது? ஏட்டில் வரவு வைக்காத பணத்தைப் பிறகு தேடினால் கிடைக்குமா?

வீட்டிலேயே சோதித்துப் பார்த்தேன். கோயில் உண்டியலுக்கென்று வைத்திருந்த பத்து ரூபாய்க் கட்டை எடுத்து, தொலைக்காட்சிச் செய்தி ஓட ஓட எண்ணினேன். விரல்கள் பழைய வேகத்தில்தான் ஓடின. ஆனால் 63க்குப் பிறகு 65ஆ, 73ஆ என்று தடுமாறினேன். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு மறுபடி எண்ணினேன். சரியாக நூறு. அந்தக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கற்ற தொழில் கையில் அப்படியே இருக்கிறது.

பெரியவர்களிடம் அடுத்த அறையிலிருந்து பேசிவிட்டு, "அப்போதே சொன்னேனே" என்று கோபிக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. அருகே வந்து, முகம் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள்.

மனைவியிடமும் இதைத்தான் கேட்டுக்கொண்டேன். நேற்று தண்ணீர் வரி கட்ட உட்கார்ந்திருந்தபோது வந்தாள். ஆறு எண்களையும் அடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு தோளைத் தொட்டு, "காபி கலக்கட்டுமா?" என்று கேட்டாள்.