வெற்றுக் கல்லுக்கு முன்னால் ஒரு அரைமண்டி

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளத்தில், சிவனே ஆடிக்காட்டும் கரணச் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. கரணம் என்பது கையும் காலும் உடலும் சேர்ந்த ஒரு நடன அசைவு. நாட்டிய சாத்திரம் சொல்லும் கரணங்கள் 108. அங்கே செதுக்கி முடித்தது 81. மீதி 27 கற்கள் உருவம் எதுவும் இல்லாமல் வெறுமையாக நிற்கின்றன. அந்த இடத்துக்குள் எல்லோரையும் விடுவதில்லை என்பதால் நான் புகைப்படங்களில்தான் பார்த்தேன். பார்த்த நாள் முதல் மனசில் ஒரே படம்: 81ஆவது சிற்பத்தை அடுத்த வெற்றுக் கல்லுக்கு முன்னால் ஒரு பரதநாட்டியப் பெண்.

24க்கு 36 அங்குல கேன்வாஸ், அக்ரிலிக். மேலே விமானம், நடுவில் கரண வரிசை, முன்னால் அவள். நேரில் இவை ஒரே பார்வையில் தெரியாது. ஓவியத்துக்காக ஒன்றாக வைத்தேன்.

முதல் வரைவில் அவள் ஒரு காலைத் தூக்கி ஆடினாள். தனியாகப் பார்த்தால் அழகுதான், ஆனால் கோயிலோடு ஒட்டவே இல்லை. நான்கு நாள் அப்படியே சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தேன். அப்புறம் அழித்துவிட்டு அரைமண்டியில், அதாவது பாதி அமர்ந்த நிலையில், நாட்டியாரம்பத்தில் நிற்க வைத்தேன். முழங்கால் இரண்டும் பக்கவாட்டில் விரிய, முதுகு நிமிர்ந்து, கைகள் தோள் மட்டத்தில் நீண்டன. தலையிலிருந்து விரல் நுனிகளுக்குக் கோடு இழுத்தால் முக்கோணம். பின்னால் விமானமும் முக்கோணம். கைகளின் கிடைக்கோடு கபோதத்தின் (சுவருக்கு மேல் வளைந்து நீளும் கல் விளிம்பின்) கோட்டோடு சேர்ந்துகொண்டது. ஆடத் தொடங்கும் நிலை என்பதால், இன்னும் செதுக்காத கல்லுக்கும் அதுவே பொருத்தம்.

இரண்டாம் வாரம் சுவரின் அரைத்தூண்களில் ஒரு பெரிய தப்பு. நினைவிலிருந்தே வரைந்ததில், தூணின் உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் போதிகையில் தாமரை மொட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. அது விஜயநகர, நாயக்கர் கால மண்டபங்களில் பார்த்துப் பழகியது. 1010இல் எழுந்த ராஜராஜனின் கோயிலில் இருப்பது மொட்டில்லாத, சரிவாக வெட்டிய எளிய போதிகை. பதினோரு தூண்களையும் திருத்தினேன். அதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. குடம், அதன் மேல் பலகை, அதன் மேல் போதிகை என்று வரிசை கைக்குப் பிடிபட்டதும் வேகம் வந்துவிட்டது.

கல்லின் நிறத்துக்குக் கறுப்பையும் வெள்ளையையும் கலந்தபோது சிமெண்ட் மாதிரி வந்தது. பர்ன்ட் அம்பர் பழுப்பும் அல்ட்ராமரின் நீலமும் கலந்து, வெள்ளை சேர்த்தேன். வெயில் படும் பக்கம் மட்டும் யெல்லோ ஆக்கர் என்ற மண் மஞ்சளை நீர்க்கக் கரைத்து மேலே ஓட்டினேன். அந்தி நேரத்தில் பெரிய கோயில் தேன் நிறத்துக்கு வருமே, கிட்டத்தட்ட அது கிடைத்தது.

உடையைப் பற்றி நிறைய யோசித்தேன். ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலில் ஆடும் பெண்களை, தஞ்சைக்குக் கொண்டுவந்தான். அவர்கள் ஒவ்வொருவர் பெயரும், எந்தச் சிறகில் (தெரு வரிசையில்) எந்த வீடு என்பதும், ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்பதும் அங்கே கல்லில் இருக்கிறது. அவர்களில் ஒருத்தியாக இவளை வரையலாமா? வேண்டாம் என்று முடிவு செய்தேன். இவள் இன்றைக்கு ஆடுகிறவள். அதனால் இன்றைய தைத்த உடை, விசிறி மடிப்பு.

அந்த விசிறிதான் மூன்று வாரம் எடுத்துக்கொண்டது. மடிப்புகளைச் சம இடைவெளியில் வரைந்தால் காகித விசிறியாகத் தெரிகிறது. அரைமண்டியில் முழங்கால்கள் துணியை இரண்டு பக்கமும் இழுக்கும். மேலே மடிப்புகள் நெருங்கி, கீழே போகப் போக விரியும், நடுவில் துணி லேசாகத் தொய்யும். ஜரிகை மடிப்பின் மேட்டில் மட்டும் ஒளிர வேண்டும், பள்ளத்தில் அது பழுப்புதான். தங்க நிறப் பெயிண்டைத் தொடவே இல்லை. ஆக்கரும் ஒரு பொட்டு வெள்ளையும் போதுமாக இருந்தன. இந்த ஓவியத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்த ஒரு சாண் துணி.

இப்போது கையில் இருப்பது வெற்றுக் கற்கள். ஒன்றும் வரையாமல் விட்டால் வேலை முடியாத ஓவியம் போலத் தெரிகிறது. அதனால் கல்லின் புள்ளிகளைப் பழைய பல் பிரஷால் தெறித்து, விளிம்பில் மெல்லிய நிழல் கொடுத்தேன். அவளுடைய இடது கையின் நிழலையும் முதல் கல்லின் மேல் விழ வைத்திருக்கிறேன். இரண்டு கல் முடிந்தது. கேன்வாஸுக்குள் வருபவை ஐந்து. அப்புறம் சலங்கை பாக்கி.