பொலித்தீனுக்குள் வேர்த்த விளக்கு

பழம்பொருள் அறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் நான் விட்ட பிழை ஒன்று இன்னும் கண்முன்னே இருக்கிறது. இரண்டடி உயர வெண்கலக் குத்துவிளக்கு அது.

தந்தவர் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதி ஆச்சி ஒருவர். 1995 ஒக்டோபர் கடைசியில் போரால் ஊரே இடம்பெயர்ந்தபோது கிணற்றடியில் கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டுப் போன சாமான்களில் ஒன்று. திரும்பி வந்து கிண்டி எடுத்திருக்கிறார்கள். கறுத்துப்போயிருந்தது, வேறு பழுதில்லை. துடைத்தேன். மாரி தொடங்குமுன் ஈரம் படாமலிருக்கப் பொலித்தீனால் இரண்டு சுற்றுச் சுற்றி, டேப் ஒட்டி, அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். கெட்டிக்காரன் என்ற நினைப்பு வேறு.

தை பிறந்து திறந்தால், பொலித்தீனின் உட்பக்கம் முத்துமுத்தாய் வேர்த்திருக்கிறது. தண்டின் கணுக்களில் இளம்பச்சை மா, முகத்துக்குப் பூசும் பவுடர் மாதிரி. விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. துடைத்த இடத்தில் ஊசி குத்தியதுபோலக் குழிகள்.

கெட்டியாய் ஒட்டியிருக்கும் கரும்பச்சைக் களிம்புக்குப் பயப்படத் தேவையில்லை, அது உலோகத்துக்குப் போர்வை. உதிர்கிற இந்த மாதான் வெண்கல நோய். மண்ணிலிருந்த உப்பின் குளோரைட் உள்ளே ஊறிக் கிடக்கும். ஈரமும் காற்றும் கிடைத்ததும் செம்பை அரிக்கும். அரிக்கும்போது உண்டாகிற அமிலம் அடுத்த அரிப்புக்கு வழிவிடும். ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடங்கிக் கிடக்கும். எங்கள் கார்த்திகை மழைக்கு அது 80ஐத் தாண்டும். சுற்றும்போது உள்ளே அகப்பட்ட ஈரத்தை வெளியே விடாமல் காத்தது என் பொலித்தீன்.

இப்போது இறுக்கமான மூடியுள்ள பெட்டியில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளோடு வைத்திருக்கிறோம். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் எடுத்துச் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடவேண்டும். மாரியில் இது ஓயாத வேலை.

அதே அறையில் ஓலை ஏடுகளும் இருப்பதுதான் தலையிடி. விளக்குக்குப் பிடித்த வறட்சியில் ஓலை மொறுமொறுத்து முறியும். ஈரம் கூடினாலோ பூஞ்சணம். அதனால் ஏட்டைப் பருத்தித் துணியில் கட்டிக் காற்றோட்டமான தட்டில், சுவரில் முட்டாமல் வைக்கிறோம். சுவரில் முட்டினால் கறையானுக்கு ஏணி வைத்துக் கொடுத்த மாதிரி.

போன மாதம் ஆச்சி விளக்கைப் பார்க்க வந்தார்.

"தம்பி, பழப்புளி போட்டு ஒருக்கா மினுக்கினா என்ன?"

"புளி அந்தப் போர்வையையும் உரிச்சுப்போடும் ஆச்சி."

கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப, ஒரு திரி போட்டுக் கொளுத்தவும் ஏலாதோ?"

"ஏலாது ஆச்சி."

மூடியின் மேலிருந்த தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, கதிரையைத் தேடினார்.